பெரிய கோவில் எது? கோவில் வாசலிலும் மறைக்கல்வி வகுப்பிலும் கேட்ட கேள்விகள்

நீலகிரியில் சர்வேயராக முப்பது வருடம் செயின் இழுத்து நடந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஊட்டியில் ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். சீசன் நாட்களில் கீழே இருந்து வருகிறவர்கள் கோவில் வாசலில் நின்று பேச்சுக் கொடுப்பார்கள். பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "இதைவிடப் பெரிய சர்ச் எங்க இருக்கு?" அதற்குப் பதில் சொன்னால் உடனே இன்னொரு கேள்வி வரும். வகுப்பில் பிள்ளைகள் கேட்பதும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான். திரும்பத் திரும்பச் சொன்னதை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியாகவே விட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் கோவில் என்றுதான் சொல்வோம், அதனால் பதில்களில் அந்தச் சொல்லே வரும். சர்ச், ஆலயம் என்று வாசித்துக்கொண்டாலும் சரிதான்.

உலகத்துலயே பெரிய சர்ச் எது? ஒரே வரியில சொல்லுங்க.

ரோமில், வத்திக்கானில் உள்ள புனித பேதுரு பேராலயம். சுவருக்கு உள்ளே இருக்கும் தரையை அளந்தால் 15,160 சதுர மீட்டர். அந்தக் கணக்கில் அதை மிஞ்சிய கிறிஸ்தவக் கோவில் இன்றுவரை இல்லை.

நம் பாட்டிமார் இதை இராயப்பர் கோவில் என்பார்கள். பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்திருந்த பழைய பெயர் இராயப்பர், பவுலுக்குச் சின்னப்பர். 1506-ல் அடிக்கல் போட்டு 1626-ல் அர்ச்சித்தார்கள், அதாவது வழிபாட்டுக்கு உரிய இடமாகப் புனிதப்படுத்தினார்கள். இடையில் 120 வருடம். தொடங்கியவர் யாரும் முடிவைப் பார்க்கவில்லை. குவிமாடத்தை வடிவமைத்த மிக்கலாஞ்சலோவும் அது எழுந்து நின்றதைப் பார்க்காமலே 1564-ல் இறந்துபோனார். குவிமாடம் 1590-ல் முடிந்தது.

சதுர மீட்டர்னா மனசுல நிக்கல. நம்ம கணக்குல எவ்வளவு?

ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். அப்படிப் பார்த்தால் பேதுரு பேராலயத்தின் உள்தரை ஏறக்குறைய 375 சென்ட், அதாவது மூன்றே முக்கால் ஏக்கர். கோத்தகிரி பக்கம் ஒரு சிறு விவசாயியின் தேயிலைத் தோட்டமே பல நேரம் அவ்வளவு இருக்காது. அந்தத் தோட்டத்தை மட்டமாக்கிப் பளிங்கு பதித்து, அதன்மேல் ஒரே கூரை போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கால்பந்து ஆடுகிறவர்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்லலாம்: இரண்டு முழு மைதானம் உள்ளே அடங்கும் பரப்பு.

நீளம் உள்ளே சுமார் 186 மீட்டர், 610 அடி. நடுக்கூடத்தின் கூரை 46 மீட்டர் உயரத்தில் வளைகிறது. சென்னை சாந்தோம் பேராலயத்தின் கோபுரம் 155 அடி, அதாவது 47 மீட்டர். சாந்தோமின் கோபுரத்தைப் பெயர்த்துக் கொண்டுபோய் இராயப்பர் கோவிலின் நடுவில் நிறுத்தினால் நுனி மட்டும்தான் கூரையில் இடிக்கும். குவிமாடத்தின் உச்சிச் சிலுவை தரையிலிருந்து 136.57 மீட்டர், 448 அடி. தஞ்சைப் பெரிய கோவில் விமானம் 216 அடி என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு விமானம் வைத்தாலும் 432 அடிதான் ஆகிறது, அதற்கு மேலும் 16 அடி மிச்சம்.

கின்னஸ் புத்தகத்துல ஆப்பிரிக்கா சர்ச்னுதானே போட்டிருக்கு?

போட்டிருக்கிறார்கள். ஐவரி கோஸ்ட் நாட்டில் யாமூசூக்ரோ என்ற ஊரில் உள்ள சமாதான அன்னை பேராலயம் அது. அந்நாட்டின் முதல் ஜனாதிபதி ஊஃபுவே புவாஞ்ஞி தன் சொந்த ஊரில் கட்டியது. 1985-ல் தொடங்கி 1989-ல் முடித்துவிட்டார்கள். 1990 செப்டம்பர் 10 அன்று இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் நேரில் போய் அர்ச்சித்தார். இராயப்பர் கோவிலைப் பார்த்துத்தான் இதை வரைந்தார்கள் என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும்.

அதற்குச் சொல்லப்படும் பரப்பு 30,000 சதுர மீட்டர், 741 சென்ட். இங்கேதான் சர்வேயர் புத்தி குறுக்கே வருகிறது. எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை அளந்தார்கள்? அந்த 30,000-ல் குருக்கள் தங்கும் வீடும் இன்னொரு மாளிகையும் சேர்ந்திருக்கின்றன. அவை கோவிலுக்கு வெளியே தனியாக நிற்கும் கட்டடங்கள். மக்கள் நின்று செபிக்கும் உள்தரையை மட்டும் எடுத்தால் 7,989 சதுர மீட்டர்தான், ஏறக்குறைய 197 சென்ட். ரோமில் இருப்பதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது.

நமக்கு இது புதிதில்லை. ஸ்ரீரங்கம் 156 ஏக்கர் என்கிறோம். ஏழு பிரகாரமும் சேர்ந்து அவ்வளவு. அதற்குள் வீதிகளும் வீடுகளும் கடைகளும் வந்துவிடுகின்றன. அந்த எண் பொய் இல்லை, ஆனால் அது வளாகத்தின் அளவு. கூரைக்குக் கீழே இருக்கும் தரையின் அளவோடு அதைப் பக்கத்தில் வைக்கக் கூடாது. யாமூசூக்ரோ விஷயமும் அப்படித்தான். அந்தக் கோவிலை நான் குறைத்துச் சொல்லவில்லை. நான்கே வருடத்தில் எழுந்த மகத்தான கட்டடம். இரண்டு எண்களும் இரண்டு வேறு பொருளை அளக்கின்றன, அவ்வளவுதான்.

போப் கோவிலை விட உயரமாக் கட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்காமே?

அப்படி ஒரு சட்டம் இல்லை. இருந்தால் ஜெர்மனியில் கொலோன் பேராலயம் 157 மீட்டருக்கு எழும்பியிருக்காது. அது கத்தோலிக்கக் கோவில்தான். ஆயர், அதாவது பிஷப், இருக்கும் கோவிலும்கூட.

இந்தப் பேச்சு கிளம்பியது யாமூசூக்ரோவால். குவிமாடம் இராயப்பர் கோவிலின் குவிமாடத்தைவிடத் தாழ்வாக இருக்கட்டும் என்று ரோமிலிருந்து கேட்டுக்கொண்டார்கள். அவர்களும் குவிமாடத்தைத் தாழ்த்தினார்கள். ஆனால் அதன்மேல் ஒரு பெரிய சிலுவையை ஏற்றியதில் மொத்த உயரம் 158 மீட்டர் ஆகிவிட்டது. குவிமாடத்தை ஒப்பிட்டால் ரோம் உயரம், சிலுவை நுனியை ஒப்பிட்டால் யாமூசூக்ரோ உயரம். பாப்பரசர் வைத்த இன்னொரு நிபந்தனைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: பக்கத்தில் ஏழைகளுக்கு ஒரு மருத்துவமனை கட்ட வேண்டும். அது வந்து சேர இருபது வருடத்துக்கு மேல் ஆனது, ஆனாலும் வந்தது.

அப்ப உயரத்துல எது முதல்?

நூறு வருடத்துக்கு மேலாக ஜெர்மனியின் உல்ம் நகரக் கோவில்தான் முதலிடத்தில் இருந்தது. 161.5 மீட்டர், 530 அடி. 1377-ல் தொடங்கி 1890-ல் கோபுரம் முடிந்தது. லூத்தரன் சபையின் கோவில். ஸ்பெயினின் பார்சிலோனாவில் 1882-லிருந்து கட்டிக்கொண்டே இருக்கும் திருக்குடும்பக் கோவில், அதாவது சக்ராதா ஃபமீலியா, 2025 அக்டோபர் கடைசியில் உல்மைத் தாண்டியது. அதன் நடுக் கோபுரத்துக்குத் திட்டமிட்ட உயரம் 172.5 மீட்டர், 566 அடி. நம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. இரண்டை அடுக்கினாலும் எட்டாது.

அந்த 172.5 எப்படி வந்தது என்பதை மலையில் பிறந்த பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்வேன். பார்சிலோனாவின் ஓரத்தில் மோன்ஷூயிக் என்று ஒரு குன்று இருக்கிறது. கோவிலை வரைந்த அந்தோனி கௌதி, மனிதன் கட்டுவது கடவுள் கட்டியதைவிட உயரக் கூடாது என்று நினைத்தார். அதனால் கோபுரத்தை அந்தக் குன்றுக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்தினார். தொட்டபெட்டா நிழலில் வாழ்கிற நமக்கு இந்த மனசு விளக்காமலே புரியும். கௌதி 1926-ல் ட்ராம் மோதி இறந்தார். அப்போது கோவிலில் கால்வாசிகூட எழவில்லை.

சார், ஊட்டி 7,000 அடிக்கு மேல இருக்கு. அப்ப நம்ம சர்ச்தானே எல்லாத்தையும் விட உயரம்?

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டது. நல்ல கேள்வி. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். நம் கோவில் தரையே ரோமின் குவிமாடத்தைவிட இரண்டு கிலோமீட்டர் மேலே இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கட்டடத்தின் உயரத்தை அளக்கும்போது டேப்பின் பூஜ்யத்தைக் கோவில் வாசலில் வைக்க வேண்டும். கடற்கரையில் வைத்தால் அது மலையின் உயரம்.

கடல் மட்டத்தையே கணக்காக எடுத்தாலும் நாம் ஜெயிக்க மாட்டோம். பொலிவியாவின் லா பாஸ் நகரம் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான்.

பெரிசா இருந்தா கதீட்ரல், சின்னதா இருந்தா சர்ச், அப்படித்தானே?

இல்லை. கதீட்ரல் என்பது ஆயரின் நாற்காலி இருக்கும் கோவில். அளவுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஊட்டியில் இருக்கும் திரு இருதயக் கோவில் கதீட்ரல், ஏனென்றால் 1955-லிருந்து உதகை ஒரு மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி. ரோமின் இராயப்பர் கோவில் கதீட்ரல் இல்லை! ரோமுக்கு ஆயர் பாப்பரசர்தான், அவருடைய நாற்காலி இருப்பது லாத்தரன் புனித யோவான் பேராலயத்தில். உல்மும் கதீட்ரல் இல்லை, அங்கே ஆயர் இருந்ததே இல்லை.

பசிலிக்கா என்பது பாப்பரசர் கொடுக்கும் ஒரு சிறப்புப் பட்டம். வேளாங்கண்ணிக்கு 1962-ல் கிடைத்தது. அது தஞ்சை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது, ஆயரின் நாற்காலி இருப்பது தஞ்சாவூரில். தமிழில் கதீட்ரலையும் பசிலிக்காவையும் பேராலயம் என்றே சொல்லிவிடுவதால்தான் இந்தக் குழப்பம் தீராமல் இருக்கிறது. 'பேர்' என்ற ஒட்டைப் பார்த்ததும் பெரியது என்று நினைத்துவிடுகிறோம்.

அப்ப கதீட்ரல்லயே பெரிசு எது? ஒரு இடத்துல செவில்னு போட்டிருக்கான், ஒரு இடத்துல நியூயார்க்னு போட்டிருக்கான்.

இரண்டு பேரும் ரொம்ப காலமாக மோதிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்பெயினில் செவில் பேராலயம் 11,520 சதுர மீட்டர், 285 சென்ட். நியூயார்க்கில் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த புனித யோவான் பேராலயம் 11,200 சதுர மீட்டர், 277 சென்ட். வித்தியாசம் எட்டு சென்ட்தான். தரையை அளந்தால் செவில் மேலே. நீளத்தைப் பார்த்தால் நியூயார்க் 183 மீட்டர், செவில் 126 மீட்டர்தான், ஆனால் அகலத்தில் செவில் விரிந்து கிடக்கிறது. கோதிக் பாணியில், அதாவது ஐரோப்பாவின் இடைக்காலக் கூர்வளைவுப் பாணியில், கட்டிய கோவில்களில் செவில்தான் பெரியது என்று பொதுவாகச் சொல்வார்கள். நியூயார்க் கோவிலை 1892-ல் தொடங்கினார்கள். இன்னும் முடியவில்லை.

செவிலில் முன்பு ஒரு பெரிய மசூதி இருந்தது. அதன் மினாரைத்தான் இன்று மணிக்கூண்டாக வைத்திருக்கிறார்கள். கோவில் அவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணமும் அதுதான், மசூதியின் தளத்தை நிரப்பிக் கட்டினார்கள். பழைய எல்லைக்கல் புதிய கட்டடத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பதை என் வேலையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

லிவர்பூல் சர்ச் 189 மீட்டர்னு படிச்சேன். நீங்க ரோம் 186ன்னு சொன்னீங்க. அப்ப லிவர்பூல்தானே நீளம்?

இந்தக் கேள்வி வந்த அன்று எனக்கு ரொம்ப சந்தோஷம். எண்களைச் சரிபார்க்கும் ஆள் கிடைத்துவிட்டார்! ஆனால் லிவர்பூலின் 189 வெளி அளவு. பின்னால் உள்ள மாதா சிற்றாலயத்தையும் சேர்த்து, சுவருக்கு வெளியே அளந்தது. உள்ளே 150 மீட்டர்தான். நான் சொன்ன ரோமின் 186 உள் அளவு. ரோமுக்கு வெளி அளவு, முன்மண்டபத்தோடு சேர்த்து, 220 மீட்டர் வரும். உள்ளுக்கு உள், வெளிக்கு வெளி. எப்படி வைத்தாலும் ரோம்தான் நீளம். இராயப்பர் கோவில் கதீட்ரல் இல்லை என்று மேலே பார்த்தோம் அல்லவா, அதனால் வெளி அளவில் உலகின் நீளமான கதீட்ரல் என்ற பெயர் லிவர்பூலுக்கே போகிறது. 1904-ல் தொடங்கி 1978-ல் முடித்த கோவில் அது.

ரோம் சர்ச் தரையில மத்த சர்ச்சோட நீளமெல்லாம் எழுதி வச்சிருக்காங்களாமே, நிஜமா?

நிஜம். நடுக்கூடத்தின் பளிங்குத் தரையில் உலோக எழுத்துகளில் மற்ற பெரிய கோவில்களின் பெயரையும் நீளத்தையும் பதித்திருக்கிறார்கள். லண்டன் புனித சின்னப்பர் கோவில் இங்கே முடியும், மிலான் இங்கே முடியும் என்று நடக்க நடக்கப் பார்த்துக்கொண்டே போகலாம். இதில் கொஞ்சம் பெருமை காட்டுவதும் உண்டுதான். ஆனால் ஒப்பிடுவதற்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. ஒரே தரை, ஒரே கோடு, எல்லாருக்கும் ஒரே பூஜ்யம்.

எத்தனை பேர் கொள்ளும்னு பாத்தா பட்டியல் மாறுமா?

தலைகீழாக மாறும். அதனால்தான் நான் அந்தக் கணக்கை நம்பி எதையும் சொல்வதில்லை. இராயப்பர் கோவிலுக்கு 60,000 பேர் என்பார்கள். 15,160 சதுர மீட்டரில் மீட்டருக்கு நான்கு பேரை நிறுத்தினால் அந்த எண் வந்துவிடும். ஆனால் தூண், பீடம், கல்லறை எல்லாம் இடம் பிடித்திருக்கின்றன. நாற்காலி போட்டால் இன்னும் குறையும். யாமூசூக்ரோவில் 18,000 பேர், அதில் 7,000 பேருக்கு மட்டும் இருக்கை. பிரேசிலில் அப்பரெசிடா மாதா கோவில், உள்தரை சுமார் 12,000 சதுர மீட்டர், 45,000 பேர் என்கிறார்கள். 1955-ல் தொடங்கி 1980-ல் அர்ச்சித்த அந்தக் கோவில், மாதா கோவில்களில் உலகிலேயே பெரியதாக எண்ணப்படுகிறது. சிலுவையின் நான்கு கையும் ஒரே நீளத்தில் இருக்கும் வடிவம் அது, அதனால் எந்தக் கையில் நின்றாலும் நடுப்பீடம் தெரியும்.

பஸ்ஸில் '55 இருக்கை' என்று எழுதியிருக்கும். திருவிழா அன்று அதே பஸ் குன்னூர் போகும்போது எத்தனை பேர் ஏறினார்கள் என்று கண்டக்டரைக் கேளுங்கள். தரை மாறாது, நெருக்கம்தான் மாறும். ஆள் கணக்கு சொல்கிறவரிடம் உட்கார்ந்தா, நின்றா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கொரியாவுல லட்சக்கணக்குல ஆள் வர்ற சர்ச் இருக்கே, அது ஏன் உங்க பட்டியல்ல இல்ல?

சியோலின் யோயிடோ சபையைச் சொல்கிறீர்கள். உறுப்பினர் எண்ணிக்கையில் அது உலகின் மிகப் பெரிய சபைகளில் ஒன்று. ஆனால் அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் ஒரே கூரைக்குக் கீழே உட்காருவதில்லை. ஞாயிறு முழுக்க முறை முறையாக ஆராதனை நடக்கும். ஆங்கிலத்தில் சபைக்கும் கட்டடத்துக்கும் சர்ச் என்ற ஒரே சொல் இருப்பதால் வரும் குழப்பம் இது. தமிழில் சபை வேறு, ஆலயம் வேறு என்று தெளிவாகவே வைத்திருக்கிறோம். இங்கே நான் அளப்பது ஆலயத்தை.

தரைக்கு அடியில இருக்குற சர்ச்சைக் கணக்குல எடுக்கலாமா?

எடுக்கலாம் என்பதுதான் என் முடிவு. மக்கள் உள்ளே நின்று பூசை காண்கிற, அர்ச்சிக்கப்பட்ட இடம் என்றால் அது கோவில்தான், கூரைக்கு மேலே புல் இருந்தால் என்ன? பிரான்ஸில் லூர்து நகரில் புனித பத்தாம் பியூஸ் கோவில் முழுக்க நிலத்துக்கு அடியில் இருக்கிறது. 1958-ல், மாதா காட்சி கொடுத்த நூறாம் ஆண்டில் திறந்தது. 191 மீட்டர் நீளம், முட்டை வடிவம். சொல்லப்படும் பரப்பு 12,000 சதுர மீட்டர், இது செவிலைவிட அதிகம். உள்ளே நடுவில் ஒரு தூண்கூட இல்லை. மீன் முள் மாதிரி கான்கிரீட் வளைவுகள் வரிசையாகத் தாங்குகின்றன. நிறையப் பட்டியல்களில் இதை விட்டுவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்க்க எதுவும் இல்லை என்பதால்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று இதைவிடச் சிக்கல். ஸ்பெயினில் மட்ரிட் பக்கத்து மலையைக் குடைந்து, சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் ஒரு கோவில் செய்தார்கள். பாறைக்குள் 262 மீட்டர் போகிறது. அப்படியே அர்ச்சித்தால் இராயப்பர் கோவிலை மிஞ்சிவிடும் என்று, வாசல் பக்கம் ஒரு தடுப்பு வைத்து, உள்ளே இருக்கும் பகுதியை மட்டும் கோவிலாக அர்ச்சித்தார்கள். உயரத்துக்குச் சட்டம் இல்லை என்று மேலே சொன்னேன். நீளத்துக்கும் இல்லை. மரியாதைக்காகச் செய்தது. ஒரே குகையில் பாதி கோவில், பாதி வழி. அரசியல் கைதிகளையும் வேலைக்கு வைத்துக் குடைந்த மலை அது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் அதன் நீளத்தை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஹாகியா சோஃபியா இப்ப மசூதி. அதைச் சேக்கணுமா வேணாமா?

இன்றைய பட்டியலில் இல்லை, வரலாற்றுப் பட்டியலில் கட்டாயம் உண்டு. இஸ்தான்புல்லில் 537-ல் கிறிஸ்தவக் கோவிலாகக் கட்டி முடித்தது. குவிமாடத்தின் குறுக்களவு ஏறக்குறைய 31 மீட்டர். செவில் எழும்வரை, கிட்டத்தட்ட ஆயிரம் வருடம், அதற்கு இணையான கோவில் இல்லை. சிமெண்ட் கான்கிரீட்டும் இரும்புக் கம்பியும் இல்லாத காலத்தில் செங்கல்லை வைத்து அதைச் செய்தார்கள். இராயப்பர் கோவிலின் குவிமாடம் அதைவிடப் பத்து மீட்டர்தான் அகலம், அதுவும் ஆயிரம் வருடத்துக்கு மேல் கழித்து. 1453-ல் மசூதியானது, 1935-ல் அருங்காட்சியகம், 2020-ல் மறுபடி மசூதி. செவிலில் நடந்தது இதற்கு நேர் எதிர்.

நம்ம இந்தியாவுல பெரிசு எது? ஆசியாவுலயே பெரிசுன்னு பல சர்ச்ல சொல்றாங்களே.

அந்தப் பட்டத்துக்கு மூன்று பேராவது உரிமை கேட்கிறார்கள். பழைய கோவாவின் சே கதீட்ரல் 250 அடி நீளம், 181 அடி அகலம், 1619-ல் முடிந்தது. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் ஒரு ஏக்கர் வரும். ஓரங்களில் கட்டடம் உள்வாங்கியிருப்பதால் உண்மைப் பரப்பு அதைவிடக் குறைவாகவே இருக்கும். தெலங்கானாவில் மேதக் கதீட்ரல், தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது, 200 அடிக்கு 100 அடி. கோபுரம் 175 அடி. 1924 கிறிஸ்துமஸ் அன்று திறந்தார்கள். பஞ்ச காலத்தில் ஜனங்களுக்குக் கூலியும் சோறும் கிடைக்கட்டும் என்று சார்லஸ் போஸ்நெட் என்ற மிஷனரி தொடங்கிய வேலை. பரப்பில் கோவாவைவிடச் சிறியதுதான், ஆனால் அந்தக் கோவில் எத்தனை அடுப்புகளை எரிய வைத்தது! நாகாலாந்தில் சுன்ஹிபோட்டோ என்ற மலை ஊரில் சூமி பாப்டிஸ்ட் கோவில் 2017-ல் திறந்தது, 8,500 இருக்கை. ஆள் கணக்கில் அது முன்னால் நிற்கிறது.

மலையிலயும் கட்டியிருக்காங்களே! அப்ப நம்ம நீலகிரியில மட்டும் ஏன் சின்னச் சின்னதா இருக்கு?

முதலில் நிலம். 375 சென்ட் மட்டமான இடம் நம் மலையில் எங்கே கிடைக்கும்? சரிவை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி, அது சரியாமல் தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். நிரப்பிய மண் வருடக் கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் பாறையிலும் மறுபக்கம் நிரப்பிய மண்ணிலும் நிற்கும் கட்டடம் நடுவில் விரிசல் விடும். ஜூன், ஜூலை மழையில் மலைச்சாலைக்கு என்ன ஆகிறது என்பதை நாம் வருடா வருடம் பார்க்கிறோம்.

அடுத்தது பொருள். ஊட்டியின் புனித ஸ்தேவான் ஆலயத்துக்கு 1829-ல் அடிக்கல் போட்டு, 1831-ல் ஈஸ்டர் அன்று மக்களுக்குத் திறந்தார்கள். அப்போது மேலே ரயில் கிடையாது. கூரையின் பெரிய தேக்கு உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையைப் பிரித்து எடுத்தவை. ஒவ்வொரு மரமும் காட்டு வழியில் மலை ஏறி வந்தது. உத்தரம் எவ்வளவு நீளமோ, கூடம் அவ்வளவுதான் அகலம் ஆக முடியும். மரம் எங்கே முடிகிறதோ அங்கே சுவர் வந்தாக வேண்டும். இராயப்பர் கோவிலின் 41.5 மீட்டர் குவிமாடத்தைச் செங்கல் வளைத்துத்தான் மூட முடிந்தது, அவ்வளவு நீளத்துக்கு உத்தரம் கிடைப்பது அரிது. அடுத்த முறை ஸ்தேவான் ஆலயத்துக்குப் போனால் தலையைத் தூக்கி அந்த மரங்களைப் பாருங்கள். அரண்மனையில் இருந்த உத்தரங்கள் இன்று செபக்கூட்டத்தின் தலைக்கு மேலே இருக்கின்றன.

மூன்றாவது, ஆட்கள். அன்றைக்கு மேலே இருந்தவர்களுக்கு அந்த அளவு போதும். கொடைக்கானலில் 1866-ல் எழுந்த சலேத் மாதா கோவிலும் அப்படித்தான். சுன்ஹிபோட்டோவில் ஊரே ஒரு சபையாக இருக்கிறது, கான்கிரீட்டும் இரும்பும் லாரியில் மேலே வந்துவிடும் காலத்தில் கட்டினார்கள். மலை ஒன்றுதான், காலம் வேறு.

இதே சர்ச்சுக்கு ஒருத்தன் 15,000 போடுறான், ஒருத்தன் 21,000 போடுறான். யார் பொய் சொல்றா?

யாரும் பொய் சொல்லவில்லை. இராயப்பர் கோவிலின் உள்தரை 15,160. சுவர்களையும் தூண்களையும் முன்மண்டபத்தையும் சேர்த்து வெளியிலிருந்து அளந்தால் 21,000-க்குச் சற்று மேல். ஏறக்குறைய 6,000 சதுர மீட்டர், 148 சென்ட், வெறும் சுவருக்கும் மண்டபத்துக்கும் போயிருக்கிறது! குவிமாடத்தைத் தாங்கும் நான்கு தூண்களும் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் பருமனுக்கு இருப்பதை நினைத்தால் ஆச்சரியம் இல்லை. உள் அளவா வெளி அளவா என்று போடாத எண்ணை நான் குறித்துக்கொள்வதே இல்லை. நிலத்தகராறில் பாதி இப்படித்தான் வரும்: ஒருவர் வேலிக்கு உள்ளே அளப்பார், ஒருவர் வேலியோடு சேர்த்து அளப்பார்.

நம்ம கோவில் மாதிரி எத்தனை கோவில் அதுக்குள்ள போகும், சார்?

கடைசியாக வகுப்பில் ஒரு பெண் பிள்ளை கேட்டது. நானே சொல்லாமல், அளக்கச் சொன்னேன். வாசல்படியின் உள் ஓரத்திலிருந்து பீடத்துக்குப் பின்சுவர் வரை நீளம், சுவருக்குச் சுவர் அகலம், இரண்டையும் பெருக்குங்கள். 15,160-ஐ அந்த எண்ணால் வகுத்தால் விடை வந்துவிடும். உதாரணத்துக்கு, தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் 30 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உள்ள கோவில் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 360 சதுர மீட்டர், ஒன்பது சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அப்படி 42 கோவில்கள் இராயப்பர் கோவிலுக்குள் அடங்கும்.

சொந்தக் கோவிலை அளந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு என்னிடம் 30 மீட்டர் டேப் ஒன்று இருக்கிறது. ஒரு முனையைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும், பூஜ்யத்தைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்கத் தெரிந்த ஆளாக இருந்தால் நல்லது.